வளைகோட்டில் இடம்பெறாத அச்சு

பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில், பேரியல் பொருளியல் தேர்வொன்றில், வேலையின்மைக்கும் பணவீக்கத்துக்கும் உள்ள உறவைப் படம் வரைந்து விளக்குமாறு ஒரு வினா வந்திருந்தது. மனப்பாடமாக இருந்த படத்தை வரைந்தேன்: கிடை அச்சில் வேலையின்மை, செங்குத்து அச்சில் விலைவாசி, இடப்புறம் உயரத்தில் தொடங்கி வலப்புறமாகச் சரிந்து இறங்கும் ஒரு கோடு. ஒன்று குறைந்தால் மற்றொன்று கூடும் என்று கீழே எழுதி அடிக்கோடும் இட்டேன். விடைத்தாள் திரும்பி வந்தபோது செங்குத்து அச்சின் ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே சொற்கள் இருந்தன: "மட்டமா? வீதமா?" பத்துக்கு நான்கு மதிப்பெண். ஒரு சொல்லுக்காக ஆறு மதிப்பெண்ணா என்று அன்று மனம் கொதித்தது. பிறகு இந்தப் பாடத்தைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு வந்து, அதே படத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்த பிறகுதான், அந்தக் கேள்வி எவ்வளவு நியாயமானது என்பதும், நான் செய்த பிழைகளில் அதுவே மிகச் சிறியது என்பதும் புரிந்தன.

விலைவாசி என்பது மட்டம். பணவீக்கம் என்பது அந்த மட்டம் ஏறும் வேகம். 100 ஆக இருந்த விலைக் குறியீட்டெண் ஓராண்டில் 110 ஆனால் பணவீக்கம் 10 சதவீதம். அடுத்த ஆண்டு அது 115.5 ஆனால் பணவீக்கம் 5 சதவீதம். பணவீக்கம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று அறிவிப்பு வரும், அது பொய்யல்ல. ஆனால் அதைக் கேட்கிறவர் கையில் இருப்பது 115.5 என்ற விலைப்பட்டியல். அவர் "எங்கே குறைந்தது?" என்று கேட்டால் அதுவும் தவறல்ல. ஒருவர் வேகத்தைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் உயரத்தைப் பற்றிப் பேசுகிறார். விலைமட்டமே இறங்கத் தொடங்கினால் அதற்குப் பணவாட்டம் என்று வேறு பெயர் உண்டு. கடன்பட்டவர்களுக்கு அது பணவீக்கத்தைவிடக் கொடியது, ஏனென்றால் வருமானம் சுருங்கும்போதும் கடன் தொகை சுருங்குவதில்லை.

தமிழில் நாம் பயன்படுத்தும் சொல்லும் இந்தக் குழப்பத்துக்குச் சற்று உதவுகிறது. பணவீக்கம் என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு கோட்பாடு ஒளிந்திருக்கிறது: பணம் வீங்கியதால்தான் விலை ஏறியது என்று அது தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் பேசவே தொடங்குகிறது. பணத்தின் அளவு மிகுந்து விலை ஏறுவது உண்மையே. 1946-இல் ஹங்கேரியில் விலைகள் ஏறத்தாழ 15 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டித்ததற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. ஆனால் எரிபொருள் கிடைக்காமலும், விளைச்சல் பொய்த்தும், கப்பல்கள் வராமலும் விலை ஏறுவதுண்டு. நடந்ததை மட்டும் சொல்லி, காரணத்தைத் திறந்து வைக்கும் 'விலைவாசி உயர்வு' என்ற பழைய தொடரே நேர்மையானது என்பது என் எண்ணம். ஆயினும் வழக்கில் நிலைத்துவிட்ட சொல்லோடு மல்லுக்கட்டிப் பயனில்லை என்பதால் நானும் பணவீக்கம் என்றே எழுதுகிறேன்.

மற்றொரு அச்சில் இதற்கு நேர்மாறான சிக்கல் இருக்கிறது. வேலையில்லாத் திண்டாட்டம் என்று நாம் சொல்லும்போது வேலை கிடைக்காதவர், தேடித் தேடிச் சலித்து வீட்டோடு இருந்துவிட்டவர், படிப்புக்குப் பொருந்தாத வேலையில் பாதி நாள் மட்டும் உழைப்பவர் ஆகிய எல்லோருடைய திண்டாட்டமும் அதில் அடங்கிவிடுகிறது. புள்ளிவிவரத்தின் வேலையின்மையோ மிகக் கறாரானது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் இலக்கணப்படி ஒருவர் வேலையில்லாதவராகக் கணக்கில் வர வேண்டுமானால் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்: அவரிடம் வேலை இருக்கக் கூடாது, வேலை கிடைத்தால் சேர ஆயத்தமாக இருக்க வேண்டும், அண்மைய நான்கு வாரங்கள் போன்ற ஒரு குறுகிய காலத்துக்குள் அவர் உண்மையிலேயே வேலை தேடியிருக்க வேண்டும். கணக்கெடுப்புக்கு எடுத்துக்கொள்ளும் வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்திருந்தால் அவர் வேலையுள்ளவர்.

இந்த இலக்கணம் செய்யும் வேலையை ஒரு சிறு கணக்கில் காட்டலாம். வகுப்பில் நான் தவறாமல் போடும் கணக்கு இது. வேலை செய்கிறவர்கள் 570 பேர், தேடுகிறவர்கள் 30 பேர். இருவரும் சேர்ந்த 600 பேரே உழைப்பாளர் படை. வேலையின்மை வீதம் 30-ஐ 600-ஆல் வகுக்கக் கிடைக்கும் 5 சதவீதம். இப்போது தேடுகிறவர்களில் 10 பேர் இனித் தேடிப் பயனில்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள். யாருக்கும் வேலை கிடைக்கவில்லை. ஒரு வாசல்கூடத் திறக்கவில்லை. ஆனால் அந்தப் பத்துப் பேர் மேலெண், கீழெண் இரண்டிலிருந்தும் கழன்றுகொள்வதால், 20-ஐ 590-ஆல் வகுத்தால் 3.4 சதவீதம் வருகிறது. நம்பிக்கை இழந்தவர்கள் கூடக் கூட எண் அழகாகிறது. நாடு மீளத் தொடங்கி, அதே பத்துப் பேர் மறுபடி தேடக் கிளம்பினால், நல்ல செய்தி வந்த அந்த மாதத்தில் வேலையின்மை கூடியதாகப் பதிவாகும். ஆகவே இந்த வீதத்தை உழைப்பில் பங்கேற்போர் வீதத்தோடு, அதாவது உழைக்கும் வயதினரில் உழைப்பாளர் படையில் இருப்போரின் பங்கோடு, சேர்த்துப் படிக்காமல் தனியாகப் படிப்பது ஒற்றைக் கண்ணால் ஆழம் பார்ப்பது போன்றது.

வேலையின்மையின் வகைகளைப் பாடநூல்கள் விரிவாகவே சொல்லும். ஒரு வேலையை விட்டு மற்றொன்றுக்கு மாறும் இடைவெளியில் எழுவது ஒன்று; தொழில்நுட்பமும் தொழில்களும் மாறி, கைவசமுள்ள திறன் விலைபோகாமல் போவதால் எழும் அமைப்புசார் வேலையின்மை மற்றொன்று; நாட்டின் மொத்தத் தேவை சரிந்து, ஆலைகள் ஆட்குறைப்பு செய்வதால் எழும் சுழற்சிசார் வேலையின்மை மூன்றாவது. முதல் இரண்டும் நல்ல காலத்திலும் இருக்கும் என்பதால் சுழியம் என்ற வேலையின்மை எந்தச் சந்தையிலும் கிடையாது என்பதை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இனி, அந்தக் கோட்டை வரைந்த மனிதர். ஏ. டபிள்யூ. பிலிப்ஸ் 1914-இல் நியூசிலாந்தில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்த மின்பொறியாளர். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, ஜாவாவில் மூன்றாண்டுகளுக்கு மேல் முகாமில் கிடந்தார். அங்கே காவலர்களுக்குத் தெரியாமல் சிறிய வானொலிப் பெட்டி செய்து சக கைதிகளுக்குச் செய்தி கேட்க வழிசெய்தவர். போருக்குப் பின் லண்டன் பொருளியல் கல்லூரியில் சமூகவியல் படிக்கச் சேர்ந்து, பொருளியலின் சமன்பாடுகள் பிடிபடாமல், அவற்றைக் குழாய்களாகவும் தொட்டிகளாகவும் மாற்றிவிட்டார். 1949-இல் அவர் காட்டிய மோனியாக் என்ற எந்திரத்தில் நாட்டின் வருமானம் வண்ண நீராக ஓடும்; வரி ஒரு குழாயில் பிரியும், சேமிப்பு இன்னொன்றில் ஒதுங்கும், இறக்குமதி வெளியே கசியும், முதலீடும் அரசுச் செலவும் மறுபடி உள்ளே வந்து கலக்கும். ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட அந்த எந்திரத்தில் ஒரு திருகைத் திருகினால் அதன் விளைவு எங்கெங்கே போய்ச் சேருகிறது என்று நின்று பார்க்கலாம். அவர் செய்த பணிகளில் இதுவே மேலானது என்று நான் கருதுகிறேன். உலகம் அவரை நினைவில் வைத்திருப்பதோ ஒரு கட்டுரைக்காக.

1958-இல் வெளியான அந்தக் கட்டுரையைப் பாடநூல் வழியாக மட்டுமே அறிந்திருந்த நான், முதல்முறை மூலத்தை எடுத்துப் படித்தபோது, என் செங்குத்து அச்சில் மட்டமும் தவறு, வீதமும் தவறு என்று கண்டேன். அதில் பணவீக்கமே இல்லை. பிரிட்டனின் 1861 முதல் 1957 வரையிலான தரவுகளைக் கொண்டு அவர் ஆராய்ந்தது வேலையின்மைக்கும் பணக்கூலி (விலையேற்றத்தைக் கழிக்காமல் பணமாக எண்ணும் கூலி) மாறும் வீதத்துக்கும் இடையிலான தொடர்பை. ஆட்கள் அரிதாகும்போது முதலாளிகள் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு கூலியை ஏற்றித் தருவார்கள். ஆட்கள் மலிந்தாலோ, கூலியைக் குறைக்கத் தொழிலாளர் எளிதில் இசைய மாட்டார்கள் என்பதால் அது மெல்லத்தான் இறங்கும். ஏறுவது விரைவாகவும் இறங்குவது தயக்கத்தோடும் நடப்பதனால்தான் அது நேர்கோடாக இல்லாமல் வளைகோடாக இருக்கிறது. உற்பத்தித்திறன் ஆண்டுக்கு 2 சதவீதம் வளர்வதாகக் கொண்டால், வேலையின்மை ஏறத்தாழ 2.5 சதவீதத்தில் இருக்கும்போது விலைகள் நிலையாக இருக்கும் என்றும், கூலியே ஏறாமல் நிற்க 5.5 சதவீதம் அளவுக்கு வேலையின்மை வேண்டியிருக்கும் என்றும் அவர் கணக்கிட்டார்.

அவருக்கு முன்பே, 1926-இல், அமெரிக்கப் பொருளியலர் இர்விங் ஃபிஷர் வேலையின்மையையும் விலைமாற்றத்தையும் இணைத்து எழுதியிருந்தார். ஆனால் அவர் பார்த்த திசை வேறு: விலை ஏறினால் தொழில் செழித்து வேலை கூடும் என்றார் ஃபிஷர், வேலையின்மை குறைந்தால் கூலி ஏறும் என்றார் பிலிப்ஸ். இருவரின் படத்திலும் கோடு ஒரே பக்கம்தான் சாயும். எது எதை இழுக்கிறது என்பதைப் படம் சொல்வதில்லை. அதை வரைகிறவர் மனத்திலிருந்து கொண்டுவருகிறார்.

கூலியின் இடத்தில் விலையை வைத்தவர்கள் அமெரிக்கப் பொருளியலர்கள் பால் சாமுவேல்சனும் ராபர்ட் சோலோவும். 1960-இல் அமெரிக்கத் தரவுகளைப் பார்த்து, விலைகள் நிலையாக இருக்க வேண்டுமானால் 5 முதல் 6 சதவீத வேலையின்மையைப் பொறுக்க வேண்டும், வேலையின்மையை 3 சதவீதமாக்க விரும்பினால் ஆண்டுக்கு 4 முதல் 5 சதவீத விலையேற்றத்தை ஏற்க வேண்டும் என்று மதிப்பிட்டு, அந்தக் கோட்டை அரசுகள் தெரிவு செய்வதற்கான ஒரு பட்டியல் போல முன்வைத்தார்கள். நீண்ட காலத்தில் இந்தக் கோடு இடம்பெயரக்கூடும் என்ற எச்சரிக்கையும் அதே கட்டுரையில் இருக்கிறது. எச்சரிக்கைகளுக்குப் பொதுவாக நேரும் கதியே அதற்கும் நேர்ந்தது. பட்டியல் பாடநூலுக்குள் போயிற்று, அடிக்குறிப்பு வெளியே நின்றது. 1960களின் அமெரிக்காவும் அந்தப் பட்டியலுக்குச் சாட்சி சொல்வது போலவே நடந்துகொண்டது: 1961-இல் 6.7 சதவீதமாக இருந்த வேலையின்மை 1969-இல் 3.5 சதவீதமாக இறங்க, பணவீக்கம் 1 சதவீத அளவிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் ஏறியது. புள்ளிகளை இணைத்தால் கையால் வரைந்தது போன்ற அழகான வளைகோடு கிடைக்கும்.

அந்த அழகு கெடுவதற்கு முன்பே அது கெடும் என்று சொன்னவர்கள் அமெரிக்கப் பொருளியலர்கள் எட்மண்ட் ஃபெல்ப்ஸும் மில்டன் ஃப்ரீட்மனும். ஃபெல்ப்ஸ் 1967-இல் எழுதினார். ஃப்ரீட்மன் அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் தலைமையுரையில் பேசினார். அவர்கள் வாதத்தைச் சமன்பாடு இல்லாமல் ஒரு கூலி ஒப்பந்தத்தை வைத்தே காட்டிவிடலாம்.

ஓராண்டுக்குக் கூலி பேசுகிறார்கள் என்று கொள்வோம். விலைகள் 3 சதவீதம் ஏறும் என்று இரு தரப்பும் எதிர்பார்க்கின்றன. உற்பத்தித்திறன் 2 சதவீதம் வளர்கிறது. ஆகவே கூலி உயர்வு 5 சதவீதம் என்று கையெழுத்தாகிறது. அந்த ஆண்டில் அரசும் மைய வங்கியும் செலவையும் பணத்தையும் தாராளமாக்க, விலைகள் 3-க்குப் பதில் 6 சதவீதம் ஏறிவிடுகின்றன. கூலி ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடக்க, விற்பனை விலை மட்டும் ஏறியதால், முதலாளிக்கு ஆள் மலிவாகிவிட்டார்; அவர் மேலும் சிலரைச் சேர்க்கிறார். வேலையின்மை குறைகிறது. தொழிலாளிக்கோ, 5 சதவீதம் கூடியதாக நினைத்த கூலியின் வாங்கும் திறன் ஏறத்தாழ 1 சதவீதம் குறைந்திருக்கிறது என்பது உடனே தெரிவதில்லை; கூலி ஒரே நாளில் கைக்கு வருகிறது, விலையேற்றமோ நூறு பொருள்களில் சிதறி மாதக்கணக்கில் வந்து சேர்கிறது. அடுத்த ஆண்டு பேச்சுவார்த்தைக்கு வரும்போது அவருக்குத் தெரிந்துவிடும். 6-ஐயும் 2-ஐயும் கூட்டி 8 சதவீதம் கேட்பார். இப்போது அதே 6 சதவீதப் பணவீக்கம் ஒருவருக்குக்கூடக் கூடுதலாக வேலை தராது. வேலையின்மை பழைய இடத்துக்கே திரும்பிவிடும். மறுபடி அதைக் குறைக்க வேண்டுமானால் பணவீக்கம் 9 ஆக வேண்டும், அதற்கடுத்து 12.

வேலையைக் கூட்டியது பணவீக்கம் அல்ல, எதிர்பாராத பணவீக்கம். எதிர்பார்ப்பு என்ற மூன்றாவது அச்சை விட்டுவிட்டுத் தாளில் இரண்டு அச்சுகளை மட்டும் வரைந்துகொண்டு, கோடு அசையாது என்று நம்பியதுதான் என் தேர்வுத்தாளின் பெரும்பிழை. அந்த நாளில் பல அரசுகளின் பிழையும் அதுவே. மக்கள் எதிர்பார்க்கும் பணவீக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் கோடு உண்டு. எதிர்பார்ப்பு ஏறினால் கோடு முழுவதும் மேலே பெயர்கிறது. எதிர்பார்ப்பும் நடப்பும் ஒன்றாகும் இடத்தில் வேலையின்மை எந்த அளவில் நிற்கிறதோ அதற்கு இயற்கை வேலையின்மை வீதம் என்று ஃப்ரீட்மன் பெயரிட்டார்.

அந்தப் பெயரோடு எனக்கு உடன்பாடில்லை. இயற்கை என்றால் மழையும் வெயிலும் போல யார் கையிலும் இல்லாதது என்று தொனிக்கிறது. ஆனால் வேலை தேடுபவரும் வேலை தருபவரும் ஒருவரையொருவர் கண்டுகொள்ள எவ்வளவு நாள் ஆகிறது, தொழிற்பயிற்சி கிடைக்கிறதா, தொழிற்சட்டங்கள் எப்படி இருக்கின்றன, சங்கங்களின் பேரம் எவ்வளவு வலியது என்பவற்றால் அமையும் ஒரு எண் அது. மனிதர் அமைத்தது, மனிதர் மாற்றக்கூடியது. ஃப்ரீட்மனும் அதை மாறாத எண் என்று சொல்லவில்லை. அதை நேரில் கண்டவரும் இல்லை. 1990களின் நடுவில் அமெரிக்காவில் அது 6 சதவீதத்தை ஒட்டியது என்று பலர் நம்பியிருக்க, 2000 ஏப்ரலில் வேலையின்மை 3.8 சதவீதத்துக்கு இறங்கியும் பணவீக்கம் பொங்கி எழவில்லை. 6-ஐ நம்பி முன்கூட்டியே வட்டியை உயர்த்தியிருந்தால் எத்தனை பேர் தேவையின்றி வெளியே நின்றிருப்பார்கள் என்பதை எந்தப் புள்ளிவிவரமும் காட்டியிருக்காது.

1970களில் நடந்தது பலமுறை சொல்லப்பட்ட கதை. 1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய்த் தடையால் பீப்பாய் ஏறத்தாழ 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. செலவு ஏறியதால் விலையும் ஏறியது, உற்பத்தியும் சுருங்கியது. தேக்கமும் வீக்கமும் ஒன்றாக வந்ததைத் தேக்கவீக்கம் என்றார்கள். பிலிப்ஸ் 1975 மார்ச்சில் காலமானார். அதே ஆண்டு மே மாதம் அமெரிக்க வேலையின்மை 9 சதவீதத்தைத் தொட்டது, பணவீக்கமும் அப்போது 9 சதவீதத்துக்கு மேல்தான் இருந்தது. அவர் கோட்டில் அந்தப் புள்ளிக்கு இடமே இல்லை.

ஏறிவிட்ட எதிர்பார்ப்பை இறக்குவதற்கு என்ன விலை என்பதை அடுத்த சில ஆண்டுகள் காட்டின. 1979 ஆகஸ்டில் அமெரிக்க மைய வங்கியின் தலைவராக வந்த பால் வோல்க்கர், அக்டோபர் 6, ஒரு சனிக்கிழமை மாலை, பணத்தின் அளவைக் கட்டுப்படுத்தப் போவதாகவும் வட்டி எங்கே போனாலும் போகட்டும் என்று விடப்போவதாகவும் அறிவித்தார். வங்கிகளுக்கிடையிலான குறுகிய கால வட்டி 20 சதவீதத்தை ஒட்டி ஏறியது. வீடு கட்டுவோர் விற்காமல் கிடந்த மரச்சட்டங்களை அஞ்சலில் அவருக்கு அனுப்பினார்கள். வாகன விற்பனையாளர்கள் விலைபோகாத கார்களின் சாவிகளைச் சவப்பெட்டிகளில் இட்டு அனுப்பினார்கள். உழவர்கள் டிராக்டர்களை ஓட்டிவந்து வங்கியின் கட்டடத்தைச் சூழ்ந்தார்கள். 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதம். 1980-இல் ஆண்டுச் சராசரி 13.5 சதவீதமாக இருந்த பணவீக்கம் 1983-இல் 3.2 சதவீதமாக இறங்கியது. இந்த முறை மட்டும் மைய வங்கி பாதியில் பின்வாங்காது என்று மக்கள் தொடக்கத்திலேயே நம்பியிருந்தால், இவ்வளவு பேர் வேலை இழந்திருக்க வேண்டியதில்லை என்று ஒரு வாதம் உண்டு. சொல்வது எளிது, முந்திய பத்தாண்டுகளில் பலமுறை பின்வாங்கியதைப் பார்த்தவர்கள் மரச்சட்டங்களைக் காணாமல் எதை நம்பியிருப்பார்கள்?

வகுப்பில் இந்த இடத்தில் மாணவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: இரண்டில் எது கெட்டது? ஆர்தர் ஓக்குன் என்ற பொருளியலர் இரண்டு வீதங்களையும் கூட்டி ஓர் எண்ணாக்கினார். அவலக் குறியீடு என்று அது பின்னர் பெயர் பெற்றது. கூட்டுவது என்றால் ஒரு புள்ளி பணவீக்கமும் ஒரு புள்ளி வேலையின்மையும் ஒரே அளவு துன்பம் என்று ஆகிறது. அது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்தது. ஒரு புள்ளி பணவீக்கம் நூறு பேருக்கும் மெல்லிய வலி. ஒரு புள்ளி வேலையின்மை 99 பேருக்கு ஒன்றுமில்லை, ஒருவருக்கு முழு வாழ்க்கை. 2001-இல் டி டெல்லா, மெக்கல்லக், ஆஸ்வால்ட் ஆகிய மூவர், பெரும்பாலும் ஐரோப்பிய நாட்டு மக்களிடம் கேட்டறிந்த மனநிறைவுத் தரவுகளை ஆராய்ந்து, ஒரு புள்ளி வேலையின்மை தரும் துன்பம் சுமார் 1.7 புள்ளி பணவீக்கத்துக்குச் சமம் என்று கண்டார்கள். ஆனால் வாக்குப்பெட்டியில் நூறு பேரின் மெல்லிய வலிதான் எண்ணிக்கையில் பெரிது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. வேலையை நீண்ட காலம் இழந்தவர் திறனையும் தொடர்புகளையும் இழந்து, பிறகு நல்ல காலம் வந்தாலும் வேலைக்கு அழைக்கப்படாமல் போவதால், இன்றைய மந்தம் நாளைய 'இயற்கை' வீதத்தையே உயர்த்திவிடலாம் என்று 1980களின் ஐரோப்பாவைப் பார்த்து எழுதியவர்களும் உண்டு.

அண்மையில் நடந்த ஒன்றை இப்போது கரும்பலகையில் வரைகிறேன். 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதம், வேலையின்மை 3.6 சதவீதம். அந்த மாதம் அமெரிக்காவின் முன்னாள் நிதியமைச்சரான பொருளியலர் லாரி சம்மர்ஸ், பணவீக்கத்தை அடக்க ஐந்தாண்டுகள் 5 சதவீதத்துக்கு மேலோ, ஓராண்டு 10 சதவீதமோ வேலையின்மை தேவைப்படும் என்றார். மைய வங்கி வட்டியை விரைந்து உயர்த்தியது. 2023 ஜூனில் பணவீக்கம் 3 சதவீதம். வேலையின்மை அதே 3.6 சதவீதம். படத்தில் புள்ளி வலப்புறம் ஓர் அங்குலமும் நகராமல் நேர் கீழே விழுந்திருக்கிறது. பெருந்தொற்றில் அறுந்த சரக்கு வழிகள் சீராயின, எரிபொருள் விலை இறங்கியது. 2022 மார்ச்சில் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சமாக இருந்த காலிப் பணியிடங்கள் குறைந்தன, அதாவது ஆட்களை நீக்காமலேயே ஆள்தேவை தணிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நீண்ட காலப் பணவீக்க எதிர்பார்ப்பு 1970களைப் போலக் கட்டவிழவில்லை. இவற்றுள் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் பொருளியலர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். என் சாய்வு எதிர்பார்ப்பின் பக்கம். அதற்கு வோல்க்கர் காலத்தில் வேலை இழந்தவர்கள் முன்பணம் கட்டியிருந்தார்கள் என்று கருதுகிறேன்.

சென்ற பருவத்தில் இதை விளக்கி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, பணவீக்கம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தும் வேலையின்மை கூடாமல் இருந்தும் அந்நாட்டு மக்கள் கருத்துக்கணிப்புகளில் ஏன் மனம் கசந்தே பேசினார்கள் என்று கேட்டார். 2021 தொடக்கத்தில் 100 என்று வைத்துக்கொண்டால் 2023 நடுவில் விலைக் குறியீட்டெண் 116-ஐ ஒட்டி நின்றது என்பதைப் பலகையில் எழுதிவிட்டு, செங்குத்து அச்சின் ஓரத்தில், என்னிடம் அன்று கேட்கப்பட்ட அந்த இரண்டு சொற்களையும் எழுதினேன்.